தலையில் அடிபட்ட பிறகு அன்றாடமும் ஆன்லைன் நட்பும்: வரிசைப்படி ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டவர்கள், பக்கவாதத்திலிருந்து மீண்டவர்கள், மூளையில் கட்டி எடுத்தவர்கள் என்று பலரை எனக்குத் தெரியும். நானும் அந்த வரிசையில் ஒருவன். பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பொழுது போகவில்லை என்று முதலில் போனை எடுக்கிறார்கள். வீடு, நாள், நோட்டு மூன்றும் சரியான பிறகுதான் போன். இந்த வரிசை மாறினால் நட்பும் நிற்காது, உடம்பும் தேறாது.

ஒரே மூச்சில் படிக்காதீர்கள். இரண்டு பகுதி படித்துவிட்டு எழுந்து நடங்கள். மீதியை நாளை பார்க்கலாம்.

1. தொடங்கலாமா என்று முதலில் பாருங்கள்

தலைவலி நாளுக்கு நாள் கூடுகிறதா, திரும்பத் திரும்ப வாந்தி வருகிறதா, எழுப்பினால் எழ முடியாத தூக்கமா, வலிப்பா, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போகிறதா? ஏதாவது ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்கு, லேசாக அடிபட்டு சில வாரம் கழித்துக்கூட மண்டைக்குள் ரத்தம் சேரலாம். அப்பத்தா 'கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கா' என்றால் வயசு என்று விட்டுவிடக் கூடாது.

வலிப்பு வர வாய்ப்புண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தால் ஊருணியில் தனியாகக் குளிப்பது, கிணற்றடியில் தனியாக நிற்பது, வண்டி ஓட்டுவது மூன்றும் அவர் சரி என்று சொல்லும்வரை கிடையாது. மாத்திரையை நாமாக நிறுத்துவதும் கிடையாது.

2. கையில் இருக்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரி. அசலைப் பெட்டியில் வைத்துவிட்டு இரண்டு நகல் எடுங்கள், போனில் ஒரு படமும் இருக்கட்டும். புது டாக்டரிடம் போனாலும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மூளைக் காயம் என்று தனித் தலைப்பு இல்லை. அதனால் நடை, பேச்சு, பார்வை என்று எது குறைந்திருக்கிறதோ அதை வைத்துத்தான் சான்று வாங்க வேண்டும். சான்றுக்கு அவரவர் மாவட்டத்துக்குப் போக வேண்டும். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்கு சிவகங்கை. கோனாப்பட்டு, ராயவரம் பக்கத்தவர்களுக்குப் புதுக்கோட்டை. இது தெரியாமல் பஸ் மாறி அலைந்தவர்கள் உண்டு.

கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று. ஒன்றே ஒன்று. பேனாவை நூலால் அதிலேயே கட்டிவிடுங்கள். பேனா தேடிப் போனால் எழுத வந்தது மறந்துவிடும்.

அடுத்தது கூட்டாள். நம் மெசேஜைப் பார்த்து 'இதை இப்ப அனுப்பாதே' என்று கோபப்படாமல் சொல்லக்கூடிய ஒருவர். வீட்டில் இருப்பவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் ஊர் வீடுகளில் பெரியவர்கள் இங்கே, பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் என்றுதானே இருக்கிறது. தூரத்தில் இருக்கும் தங்கை, பழைய ஆபீஸ் நண்பர் யாராக இருந்தாலும் சரி. பயந்து பயந்து பார்க்கும் தாயாரை மட்டும் இந்த வேலைக்கு வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. அவர் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்பார், நாம் ஒளிக்கத் தொடங்குவோம்.

3. வீட்டை ஒதுக்குங்கள்

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் கொல்லைவாசலுமாக நீளும். முகப்பில் நினைத்தது இரண்டாங்கட்டுக்குப் போவதற்குள் மறந்துபோகும். அடிபட்ட மூளைக்கு இடம் மாறினாலே நினைத்த காரியம் நழுவிவிடுகிறது. அதனால் வளவை (நடு முற்றத்தை) ஒட்டிய ஒரே அறையை இருப்பிடமாக்குங்கள். மாத்திரை, கண்ணாடி, நோட்டு, சார்ஜர், செருப்பு எல்லாம் அங்கேயே. வைத்த இடத்தை யாரும் மாற்றக் கூடாது என்று வீட்டில் ஒருமுறை கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். விருந்தாளி வருகிறார் என்று ஒதுங்க வைத்தால் அன்றைய நாள் போச்சு.

நிலைப்படியைக் கவனியுங்கள். பழைய வீடுகளில் ஒவ்வொரு கட்டுக்கும் உயரமான வாசற்படி இருக்கும். ஒரு பக்கப் பார்வை குறைந்தவர்களுக்கும், இரண்டிரண்டாகத் தெரிபவர்களுக்கும் ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூவேலைக்கு நடுவே படியின் விளிம்பு தெரியாது. மஞ்சள் டேப்பை விளிம்போடு ஒட்டுங்கள். அழகு கெடும் என்று ஐயா முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். இரண்டாம் முறை தலையில் அடிபடுவது முதல் முறையைவிட மோசமாகலாம்.

மோப்பம் போனவர்கள் நிறையப் பேர். தலை அதிர்ந்தால் மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்பிழைகள் அறுந்துபோவதுண்டு. மிளகு வறுக்கிற வாசம் வரவில்லை என்றால் கேஸ் கசிவதும் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமைத்து முடித்ததும் ரெகுலேட்டரை மூடி, நோட்டில் ஒரு டிக். கசிவு என்று சந்தேகம் வந்தால் 1906-ஐக் கூப்பிடுங்கள். குழம்பு ஊசிவிட்டதா என்பதையும் வேறொரு மூக்குதான் பார்க்க வேண்டும்.

4. நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு வாரம் எதையும் மாற்றாமல் குறித்து மட்டும் வையுங்கள். மணிக்கொருமுறை தலை தெளிவாக இருக்கிறதா, மந்தமா, வலியா என்று ஒரு சொல். பலருக்குக் காலை தெளிவாகவும் மத்தியானத்துக்கு மேல் மந்தமாகவும் வரும். உங்களுக்கு எப்படி என்று உங்கள் நோட்டுதான் சொல்லும்.

மிகத் தெளிவான நேரத்தைப் பயிற்சிக்கும் வங்கி வேலைக்கும் கொடுங்கள். அதற்கு அடுத்த நல்ல நேரம் நண்பர்களுக்கு. புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காலை நல்ல பொழுதெல்லாம் குரூப்பில் போய், பிசியோதெரபி வரும்போது கை தூக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாவது, களைத்த நேரம். அதில் யாருக்கும் எதுவும் எழுதக் கூடாது.

களைப்பு வந்த பிறகு படுப்பது தாமதம். வருவதற்கு முன்பே படுக்க வேண்டும். பேச்சுக்குப் பின் இருட்டான அறையில் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடங்கள். போனைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பது ஓய்வில் சேராது. இந்தக் களைப்பு வெளியே தெரியாது. 'நல்லாத்தானே இருக்கே' என்பார்கள். விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் அதுவும் களைப்பு.

வீட்டுக்கு வந்து பயிற்சி தர ஆள் வேண்டுமென்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

5. நோட்டு பழகிய பிறகே அடுத்தது

இடது பக்கம் இன்று செய்ய வேண்டியது, வலது பக்கம் இன்று நடந்தது. அவ்வளவுதான். கலர் பேனா, அட்டவணை என்று தொடங்குகிறவர்கள் ஒரு வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

நடந்ததை அன்றே எழுதக் காரணம் இருக்கிறது. அடிபட்ட மூளை, நினைவில் உள்ள ஓட்டையைத் தானாகவே ஏதோ ஒன்றால் அடைத்துவிடும். நடக்காததை நடந்ததாக நாம் உறுதியாகச் சொல்வோம். பொய் சொல்லும் எண்ணமே இருக்காது. கேட்பவருக்கு அது தெரியாதே. நேற்று கொப்புடையம்மன் கோயிலுக்குப் போனீர்களா இல்லையா என்பது நோட்டில் இருந்தால் சண்டை இல்லை.

தினமும் ஒரே மணிக்கு, யாரும் சொல்லாமல் நோட்டைத் திறக்கும் பழக்கம் வந்த பிறகு ஆறாவது படிக்கு வாருங்கள். அதுவரை போன் மாத்திரை அலாரத்துக்கு மட்டும்.

6. போனை அடக்குங்கள்

இதைக் கூட்டாளோடு உட்கார்ந்து ஒரே நாளில் முடியுங்கள். எல்லாக் குரூப்பையும் எப்போதுமாக மியூட் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் மூன்று பேரை எப்போதும் மேலே நிற்கும்படி பின் செய்யலாம். கூட்டாள், வீட்டில் ஒருவர், நண்பர் ஒருவர். பிரைவசி செட்டிங்கில் குரூப்பில் சேர்க்கும் உரிமையை நம் காண்டாக்டில் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுங்கள். தெரியாத எண்களிலிருந்து வரும் அழைப்பு ஒலிக்காமல் இருக்கவும் அங்கேயே ஒரு பட்டன் உண்டு.

இரண்டடுக்குப் பாதுகாப்புக்கு ஆறு இலக்க எண் ஒன்று வைக்கச் சொல்லும். வையுங்கள். அவ்வப்போது அது திரும்பக் கேட்கும், நமக்கு நினைவிருக்காது. மாற்றிக்கொள்ள இமெயில் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். எண் கூட்டாளிடம் இருக்கட்டும். நோட்டில் எழுதாதீர்கள், நோட்டு திண்ணையில் கிடக்கும்.

எழுத்தைப் பெரிதாக்குங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள். தேவகோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே அகப்பட்ட குரூப்பிலெல்லாம் சேர்ந்துவிட்டார். விடிந்ததும் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் வரிசையாக வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் திரும்பக் கும்பிடு போடாவிட்டால் மரியாதை இல்லை என்று நினைத்தார். பத்து மணிக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். மியூட் செய்த பிறகும் அவரைக் காணோமே என்று யாரும் கேட்கவில்லை. குரூப் அப்படித்தான்.

7. ஒரே ஒருவரோடு தொடங்குங்கள்

புது ஆளை முதலில் தேட வேண்டாம். அடிபடுவதற்கு முன்பே தெரிந்த, இப்போது தூரத்தில் இருக்கிற ஒருவர் போதும். நம் பேச்சு முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்தவருக்குத்தான் இப்போதைய மாற்றத்தைப் பொறுக்கும் மனசு வரும். அந்த ஒரு நட்பு நின்ற பிறகு, நம்மைப் போலவே அடிபட்ட ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்குப் போகும் இடத்தில் பிசியோதெரபிஸ்டிடமோ பேச்சுப் பயிற்சி தருபவரிடமோ சொல்லி வைத்தால் அறிமுகம் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் களைப்பை விளக்கவே வேண்டாத ஒரு ஆள் கிடைப்பது பெரிய ஆறுதல்.

எழுத்தா குரலா என்பதை அவரவர் குறையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சொல் நாக்கின் நுனியில் நின்று வராதவர்களுக்கு எழுத்து நல்லது, யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். வாசிக்கும்போது வரி தப்புகிறவர்களுக்கு வாய்ஸ் மெசேஜ். பதிவு செய்ததை அனுப்பும் முன் கேட்டுப் பார்க்கலாம். கட்டாயம் கேளுங்கள். வீடியோ கால் எல்லாவற்றையும்விடக் களைப்பு. முகமும் பார்க்க வேண்டும், பேச்சும் கேட்க வேண்டும், பதிலும் யோசிக்க வேண்டும். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

மலேசியா, சிங்கப்பூர் நண்பர்களுக்கு நம்மைவிட மணி இரண்டரை முன்னால். இங்கே இரவு 8 என்றால் அங்கே 10.30. அவர் பதில் போடாதது தூக்கமாக இருக்கலாம். இதை நோட்டில் அவர் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

8. காயத்தைச் சொல்லும் விதம்

சொல்லாமல் மறைத்தால், மறந்ததெல்லாம் அலட்சியமாகத் தெரியும். ஸ்கேன் ரிப்போர்ட்டிலிருந்து தொடங்கினால் எதிராளி பயந்து ஒதுங்குவார். நான்கு வரி போதும்:

'அண்ணே, தலையில் அடிபட்டதிலிருந்து புதுசா நடப்பது சட்டென்று மறந்துபோகிறது. கேட்டதையே திரும்பக் கேட்டால் கோபித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள். பதில் ஒரு நாள் தாமதமாக வரும். பேசப் பிடித்திருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.'

என்ன குறை, அவர் என்ன செய்ய வேண்டும், நாம் எப்போது பதில் போடுவோம். இந்த மூன்றும் இருந்தால் எதிராளிக்குக் குழப்பமில்லை. இதைப் போனில் சேமித்து வைத்து, ஆளுக்கு ஏற்றபடி அண்ணே, ஆச்சி என்று மாற்றிக்கொள்ளலாம். ஒருமுறை சொன்னால் போதும். யாரிடம் சொன்னோம் என்பதையும் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் வாரம் ஒருமுறை சொல்லிக்கொண்டிருப்போம்.

9. ஆளுக்கு ஒரு பக்கம்

முக்கியமான படி இதுதான். நோட்டின் கடைசியிலிருந்து, ஒரு நண்பருக்கு ஒரு பக்கம். பெயர், ஊர், வீட்டில் யார் யார். அவர் கடைசியாகச் சொன்ன சேதி. நாம் சொன்னது. அடுத்த முறை கேட்க வேண்டியது.

காரைக்குடியில் ஒரு ஆச்சி. பக்கவாதத்துக்குப் பிறகு கை தேறிவிட்டது, நினைவு முழுதாகத் திரும்பவில்லை. மலேசியாவில் ஈப்போவில் இருக்கும் பால்ய சிநேகிதியிடம் ஒரு நாள் வாய்ஸ் மெசேஜில் 'அண்ணன் சௌக்கியமா, சுகர் குறைஞ்சிருச்சா' என்று கேட்டுவிட்டார். அந்த அண்ணன் காலமாகி மாதங்கள் ஆகியிருந்தன. சேதி வந்த அன்று விடிய விடிய அழுதவரும் இதே ஆச்சிதான். அந்தப் பக்கம் பேச்சு நின்றது. மகள் நடந்ததை எழுதி அனுப்பிய பிறகுதான் மறுபடி தொடங்கியது. இப்போது ஆச்சியின் நோட்டில், அந்தச் சிநேகிதியின் பக்கத்து மேல் வரியில் 'அண்ணன் இல்லை' என்று சிவப்பு மையில் இருக்கிறது. இறப்பு, பிறப்பு, விவாகரத்து, வேலை போனது எல்லாம் மேல் வரியில் இருக்க வேண்டும். மற்றவை கீழே.

எழுதி வைத்துப் பேசுவது நட்பா என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். நம் ஊரில் யார் வீட்டு விசேஷத்துக்கு யார் என்ன செய்தார்கள் என்று மொய் நோட்டில் தலைமுறை தலைமுறையாக எழுதி வைக்கிறோம், உறவு குறைந்தா போயிற்று?

பேச்சைத் தொடங்கும் முன் பக்கத்தைப் படியுங்கள். முடிந்ததும் போனை வைக்காமல் உடனே எழுதுங்கள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதலாம் என்றால் பாதி போயிருக்கும். போனிலேயே வந்த முக்கியச் சேதிகளுக்கு ஸ்டார் போட்டு வைத்தால் பிறகு தேடி எடுக்கலாம்.

10. அனுப்பும் முன்

மூளையின் முன்பகுதிதான் நாக்குக்குக் கடிவாளம். அங்கே அடிபட்டவர்களுக்கு நினைத்தது அப்படியே வெளியே வரும். கோபம், அழுகை, சில சமயம் கூச்சமான பேச்சும்கூட. அதனால் கோபமாக எழுதியதை நோட்டில் எழுதுங்கள், வாட்ஸ்அப் பெட்டியில் வேண்டாம். பெட்டியில் இருந்தால் விரல் பட்டுப் போய்விடும். மறுநாள் தெளிந்த நேரத்தில் படியுங்கள். அப்போதும் அனுப்பத் தோன்றினால் கூட்டாளிடம் காட்டுங்கள். 'சாயங்காலம் பாப்போம் தம்பி' என்று அவர் சொன்னால் சாயங்காலம் பாருங்கள்.

அனுப்பிய பிறகு 15 நிமிடம்வரை திருத்தலாம். அழிக்கவும் முடியும், ஆனால் அழித்த அடையாளம் அங்கே நிற்கும். அதைப் பார்த்தவர் என்ன எழுதியிருந்தானோ என்று யோசிப்பார். அழிப்பதைவிட 'நேற்று தலை சரியில்லை, மன்னிக்கவும்' என்று ஒரு வரி நல்லது.

இரவு எட்டு மணிக்குமேல் பதில் கிடையாது. தூக்கம் கெட்டால் மறுநாள் முழுவதும் கெடும் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

11. பணம்

நட்பு என்று வருகிறவரில் சிலர் பணத்துக்கு வருவார்கள். சட்டென்று நம்புவதும், சட்டென்று முடிவெடுப்பதும் காயத்தின் விளைவாக இருப்பதால், மன உறுதியை நம்பாமல் ஏற்பாட்டை நம்புங்கள். யுபிஐயோடு சிறு தொகை மட்டும் உள்ள தனிக் கணக்கை இணையுங்கள். பெரிய கணக்கு போனிலேயே இருக்கக் கூடாது. 2024-ல் அறிவிக்கப்பட்ட யுபிஐ சர்க்கிளும் உதவும். நாம் தொகையைப் போட்டாலும், கூட்டாள் தன் போனில் ரகசிய எண்ணை (பின்) போட்டால்தான் போகும். போவது அவர் கணக்குப் பணம், மாதக் கடைசியில் நேர் செய்துகொள்ளுங்கள்.

நோட்டின் உள்ளட்டையில் இதை எழுதி ஒட்டுங்கள்: பணம் வாங்குவதற்கு பின் எண் தேவையில்லை. பின் எண் கேட்டால் பணம் போகிறது. போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டும் 'டிஜிட்டல் கைது' என்று சட்டத்தில் எதுவும் இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். ஒரு நாள் வெட்கப்பட்டுக் காத்திருந்தால் பணம் கைமாறிப்போகும்.

12. நேரில் பார்க்கும்போது

போனில் பழகியவர் கல்யாணத்துக்குக் காரைக்குடி வருகிறார் என்றால், கல்யாண வீட்டில் சந்திக்காதீர்கள். வளவில் மேளமும் மைக்கும் பேச்சும் மேலே மோதித் திரும்பும். பத்து நிமிடத்தில் தலை நிரம்பிவிடும். முதல் நாளோ மறுநாள் காலையிலோ உங்கள் வீட்டுத் திண்ணையில், கூட்டாள் இருக்கும்போது. எத்தனை மணிக்கு முடியும் என்று முன்பே சொல்லுங்கள். முன்பின் பார்க்காதவர் என்றால் இது இன்னும் கண்டிப்பு.

விசேஷத்துக்கே போக வேண்டுமென்றால் கூட்டம் சேரும் முன் போய், தலையைக் காட்டிவிட்டு, பந்திக்கு முன்பே திரும்பலாம். சாப்பாட்டை விட்டுவிட்டு வருவது நம் ஊரில் பெரிய குற்றம்தான். தூக்குச் சட்டியில் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கொடுப்பார்கள்.

13. பேச்சு நின்றுபோனால்

பதில் வரவில்லை என்றால் முதலில் அவருடைய பக்கத்தைப் பாருங்கள். நாம்தான் பதில் போட வேண்டியிருக்கலாம், போட்டதாக நினைத்துக்கொண்டிருப்போம். இது அடிக்கடி நடக்கிறது. நம் முறை இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து ஒரு விசாரிப்பு, இன்னும் சில வாரம் கழித்து இன்னொன்று. அதோடு நிறுத்தி, தேதியைக் குறித்துவிட்டு, வாட்ஸ்அப்பில் மேலே பின் செய்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ அவர்களே எழுதுவதுண்டு, அப்போது பழைய சேதி வேண்டும்.

மனசு விடாமல் கனத்தால், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், அதை நண்பரின் மௌனத்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு தனியாக இருக்காதீர்கள். மூளைக் காயத்துக்குப் பின் மனச்சோர்வு சகஜம், மருந்தும் உண்டு. 14416 டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். அந்த எண்ணும் நோட்டின் உள்ளட்டையில், 1930-க்கு மேலே இருக்கட்டும்.